மணவிருந்தின் உணவுப் பட்டியல் அட்டை

மணவிருந்தின் உணவுப் பட்டியல் அட்டை என்பது திருமண விருந்தில் பரிமாறப்படும் உணவுகளை விருந்தினருக்கு எழுத்தில் அறிவிக்கும் அட்டை. மெனு அட்டை என்றும் அழைக்கப்படுகிறது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டில் விருந்து மேசைக்கு வந்த இவ்வட்டை, 20ஆம் நூற்றாண்டில் அழைப்பிதழோடு அனுப்பப்படும் பதில் அட்டையாகவும் வளர்ந்தது. எந்த உணவு வேண்டும் என்பதை விருந்தினர் பல வாரங்களுக்கு முன்பே அதில் குறித்து அனுப்புகிறார்.

இந்த அட்டையின் வரலாறு பரிமாறும் முறையின் வரலாற்றோடு பிணைந்தது. விருந்தினர் உண்ணும் முன் உணவைக் கண்ணால் பார்க்க முடிந்த காலத்தில் எழுத்து தேவைப்படவில்லை. உணவு சமையலறைக்குள் மறைந்தபோது அட்டை வந்தது. உண்ணும் நாளுக்கும் தேர்ந்தெடுக்கும் நாளுக்கும் இடையே வாரக்கணக்கில் இடைவெளி ஏற்பட்டபோது, அட்டையில் உள்ள சொல் தெளிவாக இருக்கவேண்டிய கட்டாயம் உருவானது.

சொற்பொருள்

மெனு என்பது பிரெஞ்சுச் சொல். சிறியது, நுணுக்கமானது என்று பொருள்படும் லத்தீன் மூலத்திலிருந்து வந்தது. ஒன்றை நுணுக்கமாக, விவரமாகச் சொல்லும் பட்டியல் என்ற பொருளில் உணவுக்கு வழங்கலாயிற்று. பிரெஞ்சுச் சொல் பரவும்வரை ஆங்கிலத்தில் பில் ஆஃப் ஃபேர் என்ற சொல்லே வழக்கில் இருந்தது. அது விருந்தினருக்கான அட்டையையும், வீட்டுத் தலைவியும் சமையல்காரரும் என்ன சமைப்பது என்று திட்டமிட எழுதிக்கொண்ட பட்டியலையும் குறித்தது. சமையலறைக்கான பட்டியல் மிகப் பழையது. விருந்தினரின் கைக்கு வந்த பட்டியல் அதைவிட மிகவும் பிந்தியது.

பிரெஞ்சு முறைப் பரிமாறல்

18ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய உயர்குடி விருந்துகளில் பிரெஞ்சு முறை என்று பின்னாளில் பெயர்பெற்ற பரிமாறல் வழக்கத்தில் இருந்தது. விருந்து சில சுற்றுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு சுற்றிலும் பல உணவுகள் ஒரே நேரத்தில் மேசையில் ஒழுங்காக அடுக்கப்படும். விருந்தினர் தம் கைக்கு எட்டிய தட்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். தொலைவில் உள்ளதைப் பக்கத்தில் இருப்பவரிடமோ பணியாளரிடமோ கேட்டு வாங்குவார்கள்.

இம்முறையில் மேசையே பட்டியல். எந்த உணவை எங்கே வைப்பது என்பது ஒரு கலையாகக் கருதப்பட்டது. மான்செஸ்டரில் கடை நடத்திய எலிசபெத் ராஃபால்ட் 1769இல் வெளியிட்ட 'தி எக்ஸ்பீரியன்ஸ்டு இங்கிலிஷ் ஹவுஸ்கீப்பர்' என்ற சமையல் நூலில் பெரிய மேசையில் உணவுகளை அடுக்கும் வரைபடங்கள் இடம்பெற்றன. மணமகள் கேக்குக்குப் பாதாம் பூச்சும் அதன்மேல் வெண்சர்க்கரைப் பூச்சும் இடும் செய்முறையும் அந்நூலில் உள்ளது. இன்றைய ஆங்கில மணவிழா கேக்கின் முன்னோடியாக அது கருதப்படுகிறது.

தமிழ் வாசகர் இந்த முறையின் இயல்பை வாழையிலைப் பந்தியைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். பந்தியிலும் உணவு உண்பவரின் கண்முன் வருகிறது. பரிமாறுபவர் வாளியோடு வந்து பெயரைச் சொல்கிறார். வேண்டாதவர் இலைமேல் கையை நீட்டி மறுத்துவிடலாம். சந்தேகம் இருந்தால் அங்கேயே கேட்டுத் தெளியலாம். இரு முறைகளும் வேறுவேறு பண்பாடுகளில் உருவானவை. ஆனால் பார்த்து, கேட்டு, அந்த நொடியில் முடிவு செய்யும் வாய்ப்பு இரண்டிலும் உண்டு.

பிரெஞ்சு முறையில் குறைகளும் இருந்தன. எல்லா உணவும் ஒன்றாக மேசைக்கு வந்ததால் பல உணவுகள் ஆறிப்போயின. தொலைவில் அமர்ந்தவருக்கு நல்ல உணவு எட்டவில்லை. கேட்டு வாங்கத் தயங்குபவர் அருகில் இருந்ததையே உண்டு எழுந்தார்.

காலையில் நடந்த மணவிருந்து

இங்கிலாந்தில் திருமண விருந்து இன்றும் 'வெட்டிங் பிரேக்ஃபாஸ்ட்' எனப்படுகிறது. மாலையில் நடந்தாலும் அது காலை உணவுதான். இங்கிலாந்துத் திருச்சபையின் 1604ஆம் ஆண்டு விதிகள் திருமணத்தைக் காலை 8 மணிக்கும் நண்பகல் 12 மணிக்கும் இடையே நடத்தவேண்டும் என்று வரையறுத்தன. ஆகவே திருமணத்தைத் தொடர்ந்து வந்த விருந்து அந்நாளின் முதல் பெரிய உணவாக இருந்தது. 1886ஆம் ஆண்டுச் சட்டம் திருமண நேரத்தைப் பிற்பகல் 3 மணி வரையிலும், 1934ஆம் ஆண்டுச் சட்டம் மாலை 6 மணி வரையிலும் நீட்டித்தன. 2012ஆம் ஆண்டுச் சட்டம் சட்டத்தில் இருந்த நேரக் கட்டுப்பாட்டை நீக்கியது.

நேரம் விருந்தின் தன்மையையும் முடிவு செய்தது. காலைத் திருமணத்திற்குப் பிந்திய விருந்தில் முன்தினமே செய்து வைக்கத்தக்க குளிர்ந்த உணவுகள் மிகுதி. இசபெல்லா பீட்டன் 1861இல் நூலாக வெளியிட்ட 'புக் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட் மேனேஜ்மென்ட்' 70 அல்லது 80 பேருக்கான குளிர்ந்த விருந்து ஒன்றின் பட்டியலைத் தருகிறது. கோடை விருந்து, திருமணம், ஞானஸ்நானம் ஆகியவற்றுக்கு அது பொருந்தும் என்கிறார். குளிர்ந்த கோழி, பன்றித்தொடை, நாக்கு, சிங்கி இறால் சாலட், ஜெல்லி போன்றவை மேசையில் அடுக்கி வைக்கப்படும் விருந்து அது. அதில் விருந்தினர் பார்த்தே எடுத்துக்கொள்ளலாம். திருமணம் பிற்பகலுக்கும் மாலைக்கும் நகர்ந்தபோது விருந்து சூடான இரவுணவாக மாறியது. சூடான உணவைச் சமையலறையிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுவரவேண்டும். அப்போது விருந்தினருக்கு அடுத்து வருவது என்ன என்று தெரியாது.

ருசிய முறையும் அட்டையின் வருகையும்

உணவை ஒன்றன்பின் ஒன்றாகச் சமையலறையிலிருந்து கொண்டுவந்து விருந்தினருக்கு அளிக்கும் முறை ருசிய முறை எனப்பட்டது. 1810ஆம் ஆண்டளவில் பாரிஸில் ருசியத் தூதராக இருந்த அலெக்சாண்டர் குராகின் இதை அறிமுகம் செய்தார் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. உர்பேன் துபுவா போன்ற பிரெஞ்சுச் சமையற்கலைஞர்கள் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இதைப் பரப்பினர். 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பெரிய விருந்துகளில் இதுவே வழக்கமாயிற்று.

ருசிய முறையில் இறைச்சி பக்கமேசையில் வெட்டப்பட்டு, பணியாளர்களால் விருந்தினரிடம் கொண்டுவரப்பட்டது. விருந்து மேசையின் நடுவே உணவுக்குப் பதிலாகப் பூக்களும் பழங்களும் இடம்பெற்றன. உணவு சூடாகக் கிடைத்தது. எல்லோருக்கும் எல்லாம் கிடைத்தது. ஆனால் மேசையைப் பார்த்து விருந்தை அறியும் வசதி போயிற்று. அடுத்து மீன் வருமா, இறைச்சி வருமா என்று தெரியாதவர் முதல் உணவையே வயிறார உண்டுவிடக்கூடும். தான் உண்ணாத ஒன்று வருமானால் எதற்காகக் காத்திருப்பது என்றும் அவருக்குத் தெரியாது.

இந்த இடத்தைத்தான் அட்டை நிரப்பியது. ருசிய முறை விருந்தில் ஒவ்வொரு விருந்தினரின் பக்கத்திலும் உணவுப் பட்டியல் ஒன்று வைக்கப்படவேண்டும் என்று பீட்டன் 1861இலேயே அறிவுறுத்துகிறார். வெட்டவும் பரிமாறவும் நிறையப் பணியாளர் தேவைப்படுவதால் சிறிய குடும்பங்களுக்கு இம்முறை பொருந்தாது என்றும் எச்சரிக்கிறார். அட்டை முதலில் செல்வர் வீட்டுப் பொருளாக இருந்ததற்குக் காரணம் இதுவே.

அச்சுத்தொழில் மலிவானபோது அட்டை அலங்காரப் பொருளாகவும் ஆயிற்று. மணமக்களின் பெயரெழுத்துகள், பொன்விளிம்பு, பட்டு நாடா ஆகியவற்றோடு அச்சிடப்பட்ட அட்டையை விருந்தினர் நினைவுப்பொருளாக வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். நியூயார்க் பொது நூலகத்துக்காக ஃபிராங்க் பட்டோல்ஃப் என்ற பெண்மணி 1900 முதல் 1924இல் மறையும்வரை ஏறத்தாழ 25,000 உணவுப் பட்டியல்களைத் திரட்டினார். அந்தத் தொகுப்பு இன்று உணவு வரலாற்றாய்வாளர்களுக்கு முதன்மையான ஆவணக்களம்.

பிரெஞ்சு மொழியின் ஆதிக்கம்

அட்டை அறிவிப்பதற்காகத் தோன்றியது. ஆனால் அதன் மொழி நெடுங்காலம் பலருக்கு விளங்காததாகவே இருந்தது. லண்டனிலும் நியூயார்க்கிலும் உயர்தர விருந்துகளின் பட்டியல் பிரெஞ்சில் எழுதப்பட்டது. சமையற்கலைஞர்களில் பலர் பிரெஞ்சுக்காரர்களாக இருந்தது ஒரு காரணம். பிரெஞ்சு அறிந்திருப்பது குடிப்பெருமையின் அடையாளமாகக் கருதப்பட்டது மற்றொரு காரணம்.

இந்த மொழிக்கு ஓர் உள்முறை இருந்தது. ஒரு சொல்லைக் கொண்டு அந்த உணவில் சேரும் பொருளைக் கற்றவர் அறிந்துகொள்ளலாம். ஃப்ளோரன்டீன் என்றால் பசலைக்கீரை. பார்மான்தியே என்றால் உருளைக்கிழங்கு. கிரெசி என்றால் கேரட். துபாரி என்றால் காலிஃபிளவர். வெரோனீக் என்றால் வெள்ளைத் திராட்சை. மோர்னே என்றால் பாலாடைக்கட்டி சேர்ந்த சாறு. கார்டினல் என்றால் சிங்கி இறால் சேர்ந்த சிவந்த சாறு. கார்டினல்கள் அணியும் செவ்வாடையால் வந்த பெயர் இது. ஒகுஸ்த் எஸ்கோஃபியே 1903இல் வெளியிட்ட 'லெ கீத் கூலினேர்' இத்தகைய ஆயிரக்கணக்கான செய்முறைகளை ஒழுங்குபடுத்தியது. பட்டியல் எழுதுவதைக் குறித்தே அவர் 1912இல் 'லெ லிவ்ர் தே மெனு' என்ற தனி நூல் வெளியிட்டார்.

சமையலறைக்குள் இது துல்லியமான குறியீடு. ஒரு பெயரைச் சொன்னால் எந்த ஊர்ச் சமையல்காரரும் ஒரே உணவைச் செய்வார். அந்தக் குறியீட்டைக் கற்காத விருந்தினருக்கோ அது வெறும் அலங்காரம். சமையல்காரருக்கான மொழி விருந்தினருக்கான அட்டையில் அப்படியே ஏறியதுதான் சிக்கலின் தொடக்கம்.

சின்சினாட்டி விருந்து, 1883

ஒரு விருந்துப் பட்டியல் எவ்வளவு தொலைவு பாதிப்பை ஏற்படுத்தமுடியும் என்பதற்கு மணவிருந்தல்லாத ஒரு நிகழ்வு சான்று. அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் 1883 ஜூலை 11 அன்று ஹீப்ரு யூனியன் கல்லூரியின் முதல் யூதமத குருமார் பட்டமளிப்பையொட்டி ஒரு விருந்து நடந்தது. யூத உணவு விதிகள் ஓடுள்ள கடலுணவையும் தவளையையும் தடைசெய்கின்றன. இறைச்சியோடு பாலைச் சேர்ப்பதையும் விலக்குகின்றன. பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து அச்சிடப்பட்ட அந்த விருந்தின் பட்டியலில் சிப்பி, நண்டு, இறால், பாலேட்டில் செய்த தவளைக்கால் ஆகியவை இருந்தன. மாட்டிறைச்சிக்குப்பின் ஐஸ்கிரீமும் இருந்தது.

விதிகளைக் கடைப்பிடித்த குருமார் சிலர் விருந்திலிருந்து எழுந்து வெளியேறினர். சர்ச்சை பத்திரிகைகளில் நீண்டது. இவ்விருந்து 'திரெஃபா விருந்து' என்று பெயர்பெற்றது. விலக்கப்பட்ட உணவு என்பது திரெஃபாவின் பொருள். அமெரிக்க யூதர்களிடையே ஏற்கெனவே இருந்த கருத்து வேறுபாடு இதனால் கூர்மையடைந்தது. 1886இல் நியூயார்க்கில் மரபுசார்ந்தவர்களின் யூத இறையியல் கல்லூரி தோன்றியதற்கான காரணங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகின்றனர்.

விருந்துக்கு அழைத்தவர்கள் வேண்டுமென்றே இப்படிச் செய்தார்களா, சமையல் ஒப்பந்தக்காரரின் அறியாமையா என்பது இன்றும் விவாதத்துக்கு உரியது. அழைக்கப்பட்டவர்களுக்கு உணவு முன்வரும்வரை எதுவும் சொல்லப்படவில்லை என்பதே இங்கு முக்கியமானது. மேசையில் அமர்ந்தபின் கிடைக்கும் அட்டையால் விருந்தினருக்குக் கிடைப்பது இரண்டே வழிகள்: விட்டுக்கொடுப்பது அல்லது எழுந்துபோவது. அறிவிப்பு தெளிவாக இருந்தால் மட்டும் போதாது, உரிய நேரத்தில் வரவும் வேண்டும் என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

போர்க்கால மணவிருந்துகள்

இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் 1940 ஜனவரியில் உணவுப் பங்கீடு தொடங்கி 1954 ஜூலை வரை நீடித்தது. 1940இல் கேக்கின்மேல் சர்க்கரைப் பூச்சிடுவது தடைசெய்யப்பட்டது. பல திருமணங்களில் சிறிய சாதாரண கேக்கின்மேல் அட்டையாலோ சுண்ணச்சாந்தாலோ செய்த போலிக் கூடு கவிழ்க்கப்பட்டது. புகைப்படத்துக்குப் பின் கூடு அகற்றப்பட்டு, உள்ளிருந்த கேக் வெட்டப்பட்டது. 1942இல் உணவகங்களில் ஒரு வேளை உணவு 5 ஷில்லிங்கைத் தாண்டக்கூடாது, மூன்று சுற்றுகளுக்கு மேல் போகக்கூடாது என்று விதிக்கப்பட்டது. விருந்துப் பட்டியல்கள் சுருங்கின.

1947 நவம்பர் 20 அன்று இளவரசி எலிசபெத்தின் திருமணத்தையொட்டி பக்கிங்ஹாம் அரண்மனையில் நடந்த விருந்திலும் இந்தச் சிக்கனம் தெரிந்தது. 'ஃபிலே த சோல் மவுன்ட்பேட்டன்', 'பெர்த்ரோ அன் காசரோல்', 'பாம்ப் கிளாசே பிரின்சஸ் எலிசபெத்' என்ற மூன்று உணவுகளே முதன்மையாக இருந்தன. சோல் மீன் துண்டு, சட்டியில் வேகவைத்த கௌதாரி, ஐஸ்கிரீம் என்பது இவற்றின் பொருள். கௌதாரி பங்கீட்டுக்கு உட்படாத இறைச்சி என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டது. முதல் உணவின் பெயரில் மணமகனின் குடும்பமும் கடைசி உணவின் பெயரில் மணமகளும் இருக்கிறார்கள். அவற்றில் மீனும் ஐஸ்கிரீமும் என்ன சேர்த்துச் செய்யப்பட்டன என்பதைப் பெயர் சொல்வதில்லை. மணமக்களைச் சிறப்பிப்பதே அப்பெயர்களின் நோக்கம்.

1981ஆம் ஆண்டுப் பட்டியல்

1981 ஜூலை 29 அன்று இளவரசர் சார்லஸுக்கும் டயானாவுக்கும் நடந்த திருமணத்தின் விருந்துப் பட்டியலும் பிரெஞ்சிலேயே இருந்தது. முதல் உணவு 'கெனல் த பார்பூ கார்டினல்'. அடுத்தது 'சுப்ரேம் த வொலாய் பிரின்சஸ் த கால்'. முடிவில் ஸ்ட்ராபெரியும் பாலேடும்.

முதல் உணவின் பெயர் பிரில் என்னும் தட்டைமீனில் செய்த உருண்டை என்கிறது. சாற்றில் சிங்கி இறால் உண்டு என்பது கார்டினல் என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. இரண்டாவது உணவின் பெயருக்கு 'வேல்ஸ் இளவரசிக் கோழி நெஞ்சுக்கறி' என்று பொருள். அந்தக் கோழிக்கறிக்குள் ஆட்டுக்குட்டி இறைச்சிக் கூழ் நிரப்பப்பட்டிருந்தது. பெயரில் ஆடு இல்லை.

அரண்மனை விருந்தினர் பெரும்பாலும் இத்தகைய பெயர்களைப் படிக்கப் பழகியவர்கள். இதே மரபைப் பின்பற்றிப் பெயர்சூட்டப்பட்ட உணவு ஒரு சாதாரண மண்டபத் திருமணத்தில் பரிமாறப்பட்டால் நிலைமை வேறு. இறால் வகை ஒவ்வாதவர் மீன்தானே என்று முதல் உணவை உண்பார். ஆட்டிறைச்சியைத் தவிர்ப்பவர் கோழிதானே என்று இரண்டாவதை உண்பார். இருவருமே அட்டையைப் படித்துவிட்டு, அதை நம்பி உண்டவர்களாக இருப்பார்கள்.

பதில் அட்டை: மேசையிலிருந்து தபாலுக்கு

அழைப்பிதழின் அடியில் வரும் ஆர்.எஸ்.வி.பி. என்ற எழுத்துகள், தயவுசெய்து பதில் தருக என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் சுருக்கம். அழைக்கப்பட்டவர் தம் கையெழுத்தில் பதில் எழுதுவதே முறை என்று 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி நாகரிக நூல்கள் கருதின. நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் அமெரிக்காவில் அச்சிட்ட பதில் அட்டையும் தபால்தலை ஒட்டிய உறையும் அழைப்பிதழோடு சேர்த்து அனுப்பும் வழக்கம் வலுப்பெற்றது.

இதற்குள் மணவிருந்து வீட்டிலிருந்து விடுதிகளுக்கும் வாடகை மண்டபங்களுக்கும் இடம்பெயர்ந்திருந்தது. அங்கே உணவு சமையலறையிலேயே தட்டில் வைக்கப்பட்டு ஒவ்வொருவர் முன்னும் கொண்டுவரப்பட்டது. நூற்றுக்கணக்கான தட்டுகளை ஒரே நேரத்தில் அனுப்பவேண்டிய சமையலறைக்கு எத்தனை கோழி, எத்தனை மீன் என்ற எண்ணிக்கை முன்கூட்டியே தேவை. எண்ணிக்கை தவறினால் ஒரு பக்கம் உணவு வீணாகும். மறுபக்கம் சிலருக்கு இல்லாமல் போகும். ஆகவே பதில் அட்டையில் வருகிறேன், வரவில்லை என்ற இரண்டு கட்டங்களுக்குக் கீழே கோழி, மாட்டிறைச்சி, மீன், சைவம் போன்ற கட்டங்களும் சேர்ந்தன.

விருந்தன்று இந்தத் தேர்வு மேசைமேல் உள்ள பெயர் அட்டைக்கு மாற்றப்படுகிறது. பெயரின் ஓரத்தில் ஓர் எழுத்தோ மீன், கோழி, இலை போன்ற சிறு படமோ நிறப்புள்ளியோ இடப்படும். அதைப் பார்த்துப் பரிமாறுபவர் உரிய தட்டை வைப்பார். இப்படி ஒரு விருந்தினரின் தேர்வு அழைப்பிதழ், பதில் அட்டை, அழைத்தவரின் பட்டியல், சமையலறை, பெயர் அட்டை, பரிமாறுபவர் என ஆறு கை மாறுகிறது. முதல் கையில் உள்ள சொல் மங்கலாக இருந்தால் மற்ற ஐந்தும் அதையே சுமந்து செல்லும்.

பந்தியிலும் பிரெஞ்சு முறை மேசையிலும் விருந்தினருக்குக் கண்ணும் நாவும் துணை. பதில் அட்டையை நிரப்புபவருக்கு இரண்டும் இல்லை. அவர் சமையல்காரரைச் சந்தித்ததில்லை. உணவு இன்னும் சமைக்கப்படவே இல்லை. அட்டையில் அச்சான ஐந்தாறு சொற்களே அவர் முடிவுக்கு ஆதாரம்.

உணவு முறைகளும் சட்டமும்

விருந்தினரின் உணவுக் கட்டுப்பாடுகள் நெடுங்காலம் தனிமனித விருப்பமாகவே பார்க்கப்பட்டன. மெல்ல அவை பெயர்பெற்றன. இங்கிலாந்தில் 1847இல் ராம்ஸ்கேட் நகரில் சைவ உணவுச் சங்கம் தொடங்கப்பட்டது. பாலும் முட்டையும்கூட விலக்குவோருக்கான வீகன் என்ற சொல் 1944இல் உருவானது. யூதர்களின் கோஷர் விதிகளும் முஸ்லிம்களின் ஹலால் விதிகளும் கலப்பு விருந்துகளில் கணக்கிலெடுக்கப்பட்டன.

ஒவ்வாமை குறித்த விதிகள் 21ஆம் நூற்றாண்டில் சட்டமாயின. அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டுச் சட்டம் பால், முட்டை, மீன், இறால் நண்டு வகை, மரக்கொட்டைகள், வேர்க்கடலை, கோதுமை, சோயா ஆகிய 8 பொருள்களைப் பொதிந்த உணவுகளின் சீட்டில் குறிக்கவேண்டும் என்றது. 2023 ஜனவரி 1 முதல் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. இச்சட்டம் பொதிந்த உணவுக்கானது. விருந்தில் சமைத்துத் தட்டில் வைக்கும் உணவுக்கு இது பொருந்தாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறை 2014 டிசம்பர் 13 முதல் நடைமுறைக்கு வந்தது. இது பொதியாத உணவையும் உள்ளடக்கியது. உணவகம், சமையல் ஒப்பந்தக்காரர் முதலிய உணவுத் தொழில்கள் 14 ஒவ்வாமைப் பொருள்கள் பற்றிய தகவலை உண்பவருக்குத் தரவேண்டும். பசையம் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, முட்டை, மீன், வேர்க்கடலை, சோயா, பால், மரக்கொட்டைகள், செலரி, கடுகு, எள், சல்பைட்டு, லூபின் பருப்பு, சிப்பி கணவாய் வகை ஆகியவை அந்தப் பதினான்கு. இங்கிலாந்தில் வாங்கிய எள் சேர்ந்த ரொட்டியை உண்டு 2016இல் நடாஷா எட்னன்-லாபெரூஸ் என்ற 15 வயதுப் பெண் இறந்தார். அந்த உறையில் எள் குறிக்கப்படவில்லை. அதையடுத்து 2021 அக்டோபர் 1 முதல், கடையிலேயே பொதிந்து விற்கும் உணவுகளுக்கும் முழுமையான பொருள் பட்டியல் கட்டாயமாக்கப்பட்டது. இவ்விதி நடாஷா சட்டம் என்று அழைக்கப்படுகிறது.

சட்டம் உணவுத் தொழில்களைக் கட்டுப்படுத்துகிறது. அட்டையை அச்சிடுவதோ பெரும்பாலும் மணவீட்டார். ஒப்பந்தக்காரரிடம் இருக்கும் தகவல் அவர்கள் எழுதும் சில சொற்களின் வழியாகவே விருந்தினரை அடைகிறது.

தெளிவான விவரிப்பின் கூறுகள்

மேலே சொன்ன வரலாற்றிலிருந்து நல்ல பட்டியலுக்குரிய சில கூறுகளைத் தொகுத்துக்கொள்ளலாம்.

முதன்மைப் பொருள்: கோழியா, மீனா, ஆடா என்பது முதல் சொல்லாக வரவேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட இறைச்சி இருந்தால் இரண்டையும் குறிக்கவேண்டும். 1981ஆம் ஆண்டுக் கோழிக்கறி இதற்கு எடுத்துக்காட்டு. மீன் என்று மட்டும் எழுதுவதைவிட எந்த மீன் என்று எழுதுவது நல்லது.

சமைத்த முறை: சுட்டது, வறுத்தது, வேகவைத்தது என்ற ஒரு சொல் போதும். மதுவில் சமைத்திருந்தால் அதைச் சொல்வது இன்றியமையாதது. மது அருந்தாதவர்கள் பலர் சமையலிலும் அதை ஏற்பதில்லை.

மறைந்திருக்கும் பொருள்: சாறு, பூச்சு, நிரப்பு ஆகியவற்றில் உள்ளவையே பெரும்பாலும் சிக்கலை உண்டாக்குகின்றன. காய்கறி சூப் கோழி எலும்புச் சாற்றில் செய்யப்பட்டிருக்கலாம். ஜெல்லியில் விலங்கின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கலாம். இத்தாலியின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டி கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரெனட் கொண்டு உறையவைக்கப்படுகிறது. ஊஸ்டர் சாஸில் நெத்திலி போன்ற சிறுமீன் சேர்கிறது.

சைவம் என்ற சொல்: மேலைநாட்டு வழக்கில் வெஜிடேரியன் என்பது முட்டையை உள்ளடக்கியது. தமிழ்நாட்டில் சைவம் என்றால் பெரும்பாலும் முட்டையும் கிடையாது. மேலைநாட்டு மணவிருந்துக்கு அழைக்கப்பட்ட தமிழர் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது. ராஃபால்ட் காலம்தொட்டு வரும் மணவிழா கேக்கிலும், அதன் வெண்சர்க்கரைப் பூச்சிலும் முட்டை உண்டு. இருநாட்டு விருந்தினர் கூடும் திருமணத்தில் 'முட்டை உண்டு' அல்லது 'முட்டை இல்லை' என்று எழுதிவிடுவது குழப்பத்தைத் தீர்க்கும்.

ஆளுக்கொரு வரி: ஒரு குடும்பத்துக்கு ஒரே பதில் அட்டை போகும்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரி வேண்டும். மூன்று கோழி, ஒரு மீன் என்ற பதிலைக் கொண்டு மீன் யாருக்கு என்று பரிமாறுபவரால் அறியமுடியாது.

கேட்கும் வரி: உணவு ஒவ்வாமையோ கட்டுப்பாடோ இருந்தால் எழுதுக என்று ஒரு வெற்றிடம் விடுவது இன்று பரவலான வழக்கம். அட்டை எவ்வளவு விரிவாக இருந்தாலும் எல்லாவற்றையும் முன்னறிந்து எழுத இயலாது. கேட்டு வாங்கத் தயங்குபவருக்கு இந்த வரி ஓர் அனுமதி.

இவற்றைப் பின்பற்றினால் 'நார்மண்டி நினைவுகள்' என்று பெயரிடப்பட்ட உணவு, 'சுட்ட கோழி நெஞ்சுக்கறி, ஆப்பிளும் பாலேடும் சேர்ந்த சாறு. பால் உண்டு, சைடர் மது உண்டு' என்று மாறும். அழகு சற்றுக் குறையலாம். அதைப் படிப்பவர் தனக்கு எது பொருந்தும் என்று உடனே முடிவு செய்துவிடுவார். அழகிய பெயரை மேலே வைத்துத் தெளிவான விளக்கத்தை அடியில் எழுதுவதும் வழக்கமே.

வரலாற்றில் இடம்

மணவிருந்தின் உணவுப் பட்டியல் ஏறத்தாழ 150 ஆண்டுகளில் மூன்று பணிகளைச் செய்திருக்கிறது. முதலில் அடுத்து வருவதை அறிவித்தது. பிறகு அழைத்தவரின் செல்வத்தையும் ரசனையையும் காட்டியது. இன்று விருந்தினரிடம் ஒரு முடிவைக் கேட்கிறது. முதல் இரண்டில் விருந்தினர் வாசகர் மட்டுமே; சொல் விளங்காவிட்டால் சிறிது சங்கடத்தோடு போயிற்று. மூன்றாவதில் அச்சொல்லை நம்பி அவர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். அவருடைய உடல்நலமும் நம்பிக்கையும் அத்தேர்வில் அடங்கியுள்ளன.

அழைத்தவர் வீட்டில் விருந்தினருக்கு ஒவ்வாததை அறியாமல் இடுவது எல்லாப் பண்பாடுகளிலும் குறையாகவே கருதப்படுகிறது. முன்பு அந்தப் பொறுப்பைப் பரிமாறுபவரின் கண்ணும் குரலும் சுமந்தன. இன்று அதில் பெரும்பகுதியை ஒரு சிறு அட்டையில் உள்ள சில சொற்கள் சுமக்கின்றன.